புதன்கிழமை ட்ரேயில் பார்த்ததை நான் வீட்டில் சொல்லவில்லை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை பத்து மணிக்கு என் இரண்டு கையிலும் ஒரு மனித மூளை இருந்தது.

தர்ஷன், யாழினி, நான் மருத்துவக் கல்லூரியில் அட்டெண்டர் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன அட்டெண்டர், எந்த அறையில் என்பதை விவரமாகச் சொன்னதில்லை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் யாழினி ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டாள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை இவளை "அதான் அம்மா மக" என்று சொன்னதாம். வீட்டுக்கு வரும் வழியில் யாழினி என்னிடம், அம்மா ஏன் எல்லாத்துக்கும் அதான் அதான் என்றே சொல்கிறாள், அவளுக்கு என் பேர் தெரியாதா என்று கேட்டாள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். என் வேலையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் வேலை செய்வது அனாடமி துறையில். உடல் உறுப்புகளைப் பற்றிப் படிக்கும் இடம். டாக்டருக்குப் படிக்க வரும் பிள்ளைகள் அறுத்துப் பார்த்துப் படிப்பதற்காக இறந்தவர்களின் உடலை ஃபார்மலின் மருந்தில் ஊறவைத்திருப்பார்கள். வகுப்புக்கு முன்னால் டேபிளில் எடுத்து வைப்பதும், வகுப்பு முடிந்ததும் துடைத்து மூடி வைப்பதும், ஸ்பெசிமென் ஜார்களில் மருந்து குறைந்தால் ஊற்றுவதும் எங்கள் வேலை.

அன்று என் கையில் மூளையைக் கொடுத்தவர் பெரியசாமி அண்ணன், அங்கே மூத்த அட்டெண்டர். என் முகம் போன போக்கைப் பார்த்து, "என்ன தம்பி, மலைய விட்டு எறங்குனதும் மயக்கமா? பயப்படாதப்பா. இங்க படுத்திருக்கறவங்க யாரும் உன்னை வேல ஏவ மாட்டாங்க. ஏவறவங்க எல்லாம் அந்த ரூம்ல உக்காந்திருக்காங்க" என்று ஸ்டாஃப் ரூமைக் காட்டினார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஒரு கையில் எடுக்காதே, இரண்டு கையையும் அடியில் கொடு என்றார்.

ஒன்றேகால் கிலோ இருக்கும். ஊறிய மூளை ரப்பரும் இல்லை, கிழங்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டி. வாங்கி வைத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். மதியம் திரும்பிப் போய் மறுபடி தூக்கினேன். பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு மாதச் சம்பளத்தில் கிடைத்த வேலை. விட முடியாது.

2. பின்வரிசையில் கேட்ட பாடம்

மேடம் வகுப்பு எடுக்கும்போது ட்ரேயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். வருடா வருடம் அதே பாடம். புதுப் பிள்ளைகள் வருவார்கள், பாஸாகிப் போவார்கள். நான் மட்டும் அதே வகுப்பில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் எனக்குப் பாடம் வந்தது.

மூளையை நீளவாக்கில் அறுத்தால் வெளி ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் மாதிரி தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கனம். அதற்குப் பெயர் கார்டெக்ஸ். அந்த மெல்லிசான தோலுக்குள் ஆறு அடுக்கு இருக்கிறது என்பார் மேடம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். நாம் பார்ப்பது, பேசுவது, நினைப்பது, கையை நீட்டுவது எல்லாம் அந்தத் தோல் செய்கிற வேலை.

அதை விரித்தால் ஒரு பெரிய துண்டு அளவு வருமாம். மண்டை ஓட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மடித்து மடித்து வைத்திருக்கிறது. நம் மலைச் சாலையும் அப்படித்தானே. நேராகப் போட இடம் இல்லை என்று எழுபது வளைவாக மடித்து ஏற்றியிருக்கிறார்கள். மூளையில் மேடாக இருக்கும் மடிப்புக்கு ஜைரஸ், பள்ளத்துக்கு சல்கஸ். தோலில் பெரும்பகுதி பள்ளத்துக்குள் மறைந்துதான் இருக்கிறது.

இடம் இடமாக வேலை பிரித்திருக்கிறது. பின்னந்தலையில் இருக்கும் ஆக்சிபிட்டல் பார்ப்பதற்கு. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் டெம்போரல் கேட்பதற்கும் கேட்டதைப் புரிந்துகொள்வதற்கும். உச்சியில் குறுக்கே ஒரு ஆழமான பள்ளம் ஓடும், சென்ட்ரல் சல்கஸ். அதற்கு முன்னால் உள்ள மடிப்பு உடம்பை அசைக்கும். பின்னால் உள்ள மடிப்பு தொட்டால் உணரும். இடது மூளை வலது உடம்பைப் பார்த்துக்கொள்ளும், வலது மூளை இடது உடம்பை. அந்த மடிப்பிலும் பங்கு சமமாக இல்லை. முதுகு இவ்வளவு பெரிசு, அதற்குக் கொஞ்சம்தான் இடம். கைவிரலுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறது. கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அந்த முகத்துக்கான இடத்துக்குச் சற்று முன்னால், இடது பக்கம், என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. மனசில் உள்ளதைப் பேச்சாக்கி வெளியே அனுப்புகிற இடம் அது. நான் அதைத் தினமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன்.

3. வீட்டில் சொன்ன பொய்

மலைமேல் குண்டூர் நாட்டில் நம் ஊரில் யாருக்கும் என் வேலை தெரியாது. கல்லூரி ஆபீசில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பிணம் தொடுகிறவன் என்று தெரிந்தால் கோயில் பொங்கலுக்கு என்னைச் சேர்ப்பார்களா என்று பயம். பொங்கலை விடுங்கள், பெற்ற பிள்ளையைத் தூக்க விடுவார்களா என்பதுதான் பெரிய பயம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் சாவு வீட்டுக்குப் போய்வந்தவன்கூட அன்று நுழையக் கூடாது.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஓடையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பஸ் புழுதி என்பேன். உங்கள் அம்மா அமுதாவுக்கு மட்டும் உண்மை தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதம் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு என்ன வாசம் என்று கேட்டாள். சொன்னேன். சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் போட்டாள். பிறகு, "பொணம்னாலும் ஒரு காலத்துல மனுசன்தானுங்களே. நல்லாத் தொடச்சு வையுங்க" என்றாள். அவள் அப்படித்தான். வாய் நிறையப் பேச்சு, அத்தனையும் சரியாக இருக்கும்.

4. புதன்கிழமை

யாழினி பிறந்து ஆறாம் நாள். நான் வேலையில் இருந்தேன்.

மேடம் ஒரு புது ஸ்பெசிமென் கொண்டுவரச் சொன்னார். பாடத்துக்காக வேறொரு துறையிலிருந்து வாங்கிய மூளை. ட்ரேயை நான்தான் பிடித்தேன். மேலே ஓடும் சிரைகள், அதாவது கெட்ட ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்கள், கறுப்பாகத் தடித்து நூல்கயிறு மாதிரி நின்றன. அதைச் சுற்றி கார்டெக்ஸ் கறுத்து, கன்றிப்போன பழம் போல் இருந்தது.

சின்ன வயசுப் பெண், குழந்தை பெற்றுப் பத்து நாள் என்றார் மேடம். பச்சை உடம்பு என்று வீட்டில் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், ரத்தம் கெட்டியாகி மூளைச் சிரையில் உறைந்துவிட்டது, தலைவலியில் ஆரம்பித்து வலிப்பில் முடிந்தது என்றார். ஒரு பையன், தண்ணீர் இல்லாததால் மட்டுமா என்று கேட்டான்.

"அது மட்டும் இல்லப்பா. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் தானாவே கெட்டியாகும். அதுமேல தண்ணியும் குடுக்கலன்னா? தலவலின்னு சொன்ன அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் பொண்ணு இந்த ட்ரேல இருக்க மாட்டா."

இந்த வார்த்தை அப்படியே என் காதில் இருக்கிறது. டெம்போரல் லோப் தன் வேலையைச் செய்துவிட்டது.

5. சனிக்கிழமை

பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் நர்ஸம்மா அனுப்பினார்கள். அவர்கள் முன்னால் எல்லோரும் சரிங்க சரிங்க என்றோம். வீட்டுக்கு வந்ததும் நம் பழக்கம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், ஜன்னி வரும் என்று பத்து நாளைக்கு மேல் பச்சைத்தண்ணீர் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை அரை டம்ளர் மிளகுக் கஷாயம், பத்தியச் சோறு, அறைக்குள் நெருப்புச் சட்டி. தர்ஷன் பிறந்தபோது அமுதாவின் அம்மா, உங்கள் அம்மாயி வீட்டிலும் அப்படித்தான் வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் யாரும் யோசிக்கவில்லை.

நான் ஓடையில் குளித்துவிட்டு உள்ளே போனபோது அமுதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. வியாழக்கிழமையிலிருந்து தலைவலி என்றாள்.

"ஏனுங்க, தல பொளக்குதுங்க. ஒரு வாய்த் தண்ணி குடுங்க."

என் அம்மா, உங்கள் அப்பத்தா, அடுத்த அறையில் இருந்தார். நான் கதவைப் பார்த்தேன். இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொள் கண்ணு என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "உங்க காலேஜ்லயும் அப்படித்தான் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

தர்ஷன், யாழினி, இந்த இடத்தை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். அந்த நேரம் எனக்குப் புதன்கிழமை ட்ரே ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்றால் பொய். கறுத்த சிரை கண்ணில் தெரிந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் என் வேலை வெளியே வரும். பிறந்து ஒன்பது நாளான யாழினி என் மடியில் இருந்தாள். அவளைப் பிடுங்கி வெளியே போ என்பார்கள். இதையெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் யோசித்துவிட்டு, "அதெல்லாம் வேற" என்றேன்.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தண்ணீர்க் குடம் எட்டடி தூரத்தில் இருந்தது.

6. ஞாயிற்றுக்கிழமை

காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவளுக்கு முதலில் வலது கை விரல் துள்ளியது. அப்புறம் வாயின் வலது ஓரம். அப்புறம் உடம்பு முழுக்க வெட்டியது. பக்கத்துப் பக்கத்து வீடு என்று எழுதினேனே, அந்த வரிசையில்தான் போனது. விரல் துள்ளியபோதே இடது பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா ஓடிவந்து இரும்புச் சாவியை அமுதா கையில் திணித்தார். என் அக்காவும் வந்துவிட்டாள். "திருட்டுத்தனமா தண்ணி குடிச்சிருப்பா. அதான் ஜன்னி கண்டிருச்சு" என்றாள். ஒரு வாய்க்கு ஏங்கிக் கிடந்தவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

நான் அமுதாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டே சொன்னேன், "தண்ணி குடிக்காததாலதானுங்கம்மா. இது ஜன்னி இல்ல. மூளையில ரத்தம் கட்டிருச்சு."

"உனக்கெப்படிடா சாமி தெரியும்?"

"நான் பொணம் அறுக்கற எடத்துல வேல பாக்கறேனுங்க. இதே மாதிரி ஒண்ண புதன்கெழம பாத்தேன்."

யாழினியைத் தொடாதே, வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. நான் அவ்வளவு பயந்த காரியம், அன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம்கூட வரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து, அத்தனை வளைவும் இறங்கி, கீழே போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவள் கண் திறந்தபோது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

7. ஃபிலிம்

டாக்டர் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். எனக்கு விளக்கத் தேவையில்லை. இடது ஃப்ரான்டல் என்கிற நெற்றிப் பக்கத்தில், நான் தினமும் துடைத்த அந்தக் கீழ் மடிப்பு, அதையொட்டிக் கைக்கான இடம் வரைக்கும் ரத்தம் கசிந்திருந்தது.

உறைவு கரைவதற்கு ஊசி போட்டார்கள். உயிருக்கு இனி பயமில்லை என்று சொல்ல ஐந்து நாள் ஆனது. முதல் நாளே டாக்டர் வெளியே வந்து எங்களைப் பார்த்து, "ஊட்ல வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்று சத்தம் போட்டார். அம்மா அவர் காலில் விழுந்து, நான்தானுங்க சாமி தண்ணி குடுக்காம வெச்சேன், எனக்குத் தெரியலீங்க என்று அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். விவரம் தெரிந்த ஒருத்தன் இருந்தான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை வைத்து, வலிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது என்று அம்மா நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை அமுதா என்னிடம் கேட்டது அவருக்குத் தெரியாது. மருமகள் பேச்சைத் தான்தான் பறித்ததாக ஊரே சொன்னது, அவரும் ஒத்துக்கொண்டார். நாலு வருடம் கழித்து இறக்கும் வரைக்கும் தினம் காலையில் முதல் வேலையாக ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அமுதா பக்கத்தில் வைப்பார். உங்கள் அத்தை இன்றைக்கும் அப்பத்தாதான் காரணம் என்கிறாள். இல்லை கண்ணு. அப்பத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

8. அம்மாவுக்கு என்ன தெரியும்

செயலிழந்திருந்த வலது கால் மூன்று மாதத்தில் வந்தது. வலது கை முக்கால்வாசி வந்தது, மிளகு உருவ மட்டும் இடது கையைத்தான் நம்புவாள். பேச்சில் "அதான்" என்ற ஒரு வார்த்தை வந்தது. மற்றது வரவில்லை. இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஒன்றிரண்டு வார்த்தை மட்டும் தங்கிவிடுவது உண்டு, ஏன் அந்த வார்த்தை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். படம் போட்ட அட்டைகள் கொடுத்தார். நாலு வயசுத் தர்ஷன் எதிரில் உட்கார்ந்து "ஆடு சொல்லு, மாடு சொல்லு" என்பான். அவள் ஆட்டைப் பார்த்து அதான் என்பாள், மாட்டைப் பார்த்து அதான் என்பாள், பிறகு அட்டையைக் கவிழ்த்துவிட்டு அழுவாள்.

யாழினி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் பேர் அம்மாவுக்குத் தெரியும். நீ பிறக்கும் முன்னாலேயே அந்தப் பேரை எடுத்து வைத்தது அவள்தான். புரிந்துகொள்கிற இடம் காதுக்குப் பக்கத்தில், பின்னால். அது நன்றாக இருக்கிறது. நினைவு ஒரே இடத்தில் இல்லை, பல இடத்தில் பரவி இருக்கிறது. அதுவும் நன்றாக இருக்கிறது. வெளியே அனுப்புகிற அந்தக் கட்டைவிரல் அகலம் மட்டும்தான் போய்விட்டது. உன்னைக் கூப்பிட அவள் வாய் திறக்கும்போது உள்ளே யாழினி என்றுதான் இருக்கும். வரும்போது வேறாகிவிடுகிறது. அதனால் அவளை வைத்துக்கொண்டு அவள் இல்லாத மாதிரி யாரும் பேசக் கூடாது. நானும் சில வருடம் அந்தத் தப்பைச் செய்தேன்.

வேலைக்குத் திரும்பிப் போன முதல் வகுப்பில் மூளையை எடுத்து வைக்க என்னால் முடியவில்லை. பெரியசாமி அண்ணன் ஒன்றும் கேட்காமல் என் டேபிளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஒரு மாதம் அப்படி. பிறகு நானே எடுத்தேன்.

ஊரில் இப்போது யார் வீட்டில் பிரசவம் என்றாலும் நான் போகிறேன். பிணம் தொடுகிறவன் என்று சில வீட்டில் படி ஏற விட மாட்டார்கள். வாசலில் நின்றே சொல்வேன். தண்ணீர் கொடுங்கள், தலைவலி என்றால் அன்றே கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள் என்பேன். வந்துட்டாருடா பொண டாக்டரு என்று ஒருத்தர் கேலி செய்தார். செய்யட்டும். என்னை உள்ளே விடாத வீட்டில் அமுதாவை விடுவார்கள். அவள் போய்ப் பிள்ளை பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சொம்பு காலியாகும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

நான் படித்த பாடம் சின்னது. வேலை செய்யும் இடத்தில் தெரிந்துகொண்டதைச் சட்டையோடு கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வரக் கூடாது. உயிர் காக்கிற விஷயம் தெரிந்தால், அது எப்படி எனக்குத் தெரிந்தது என்று வெட்கப்படக் கூடாது.

9. வாசித்துக் காட்டியது

உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை நான் என்ன பார்த்தேன் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. இந்த ஒன்பது வருடமாகச் சொல்லவில்லை.

மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். புதன்கிழமை வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். சனிக்கிழமையில் அவள் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டாள் என்று நான் வாசித்தபோது இல்லை என்று தலையாட்டினாள். கேட்கவில்லையா என்றேன். மறுபடியும் இல்லை என்று ஆட்டிவிட்டு இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினாள்.

நாலு தடவையா, என்னிடமா என்றேன்.

என் நெஞ்சில் விரலை வைத்து, "அதான்" என்றாள். அப்புறம் கத்தியை எடுத்துக் கிழங்கை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் மனசில் என்ன இருக்கிறது, என்னை என்ன செய்ய நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தைத்தான் நான் போகவிட்டேன்.

அவள் கேட்டதில் ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. மற்ற மூன்று எப்போது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது.